ஐந்தாவது வீடு

காலை ஐந்து மணிக்குக் காசிமேட்டில்
விலை கேட்காமல் ஒரு வஞ்சிரம் வாங்கினேன்.
இல்லை, கேட்டேன். கேட்டும் வாங்கினேன்.

மேல்வீட்டு ஸ்டெல்லாவிடம் நாற்காலி இரண்டு.
பாத்ரூமுக்குப் புது வாளி, நீல நிறம்,
ஒட்டியிருந்த விலைச்சீட்டை
நகத்தால் சுரண்டி எடுத்து, விளிம்புவரை நிரப்பி வைத்தேன்.
மணலிக் காற்று மட்டும் இன்றைக்கு
இந்தப் பக்கம் திரும்பக் கூடாதென்று
எல்லையம்மனிடம் ஒரு வார்த்தை.

ரெஜினா வருகிறாள்.
புருஷன், பிள்ளைகள் இரண்டு, மாமியார்.
நெல்லூரில் கிளம்பி ஒன்பது நாளாகக்
காரிலேயே குடித்தனம்.
ஓசூரில் நஸீமா. ஈரோட்டில் பூங்கோதை.
திண்டுக்கல்லில் தெரசா. நெல்லையில் கனி.
ஸ்டான்லி ஆஸ்டலில் ஒரே அறையில்
ஒற்றை ஹீட்டர் கம்பியை முறைவைத்து
வார்டனுக்குத் தெரியாமல் வெந்நீர் போட்டவர்கள் நாங்கள்.

கடைசி வீடு என்னுடையது.
"மேப்பு ரெட்ஹில்ஸ் வழியா போகச் சொல்லுதுடி வேதா,
உனக்காகத்தான் கடலோரம் வர்றோம்."

பதினொரு மணிக்கு ராயபுரம் என்றாள்.
பன்னிரண்டுக்கும் ராயபுரம்.
ஒன்றரைக்கு அழைத்து,
"ஒரு கன்டெய்னர் குறுக்கால நிக்குது.
முன்னாடி கன்டெய்னர், பின்னாடி கன்டெய்னர்.
சுதாகர் தெலுங்குல திட்ட ஆரம்பிச்சிட்டாரு."

எங்கள் சாலைக்கு விரைவுச் சாலை என்று பெயர்.
வைத்த மகராசன்
ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து பார்த்திருப்பான்.

வறுவல் இரண்டாம் முறை ஆறியது.
தூக்கில் குழம்பு, அடுக்கில் சோறு,
மடியில் அப்பளப் பொட்டலம் என்று
தம்பியின் ஸ்கூட்டியை எடுத்தேன்.
லாரிக்கும் லாரிக்கும் நடுவே
ஒரு முழங்கை அகலத்துக்குச் சந்து இருக்கும்.
இங்கே வளர்ந்தவர்கள் மூச்சை இழுத்துக்கொண்டு அதில் போவோம்.
சக்கர நிழலில் ஒரு பஞ்சாபி டிரைவர்
வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.
தூக்கைப் பார்த்துவிட்டு
வழி விடச்சொல்லி க்ளீனரை எழுப்பினார்.

என்ஃபோர் பீச்சுக்கு எதிரே ஆந்திரா நம்பர்.
ஜன்னலைத் தட்டினேன்.
பதினான்கு வருஷம் கழித்து அவள் என்னிடம்
முதலில் சொன்னது:
"ஏசி போவுது, சீக்கிரம் ஏறிக் கதவைச் சாத்து."

பின்சீட்டில் எனக்கும் இடம் கிடைத்தது,
நஸீமா தைத்த தலையணைக்கும்
பூங்கோதையின் பவானி ஜமக்காளத்துக்கும் இடையில்.
கனி கொடுத்த அல்வா எண்ணெய் கசிந்து
மாமியார் புடவையில் ஒரு தீவு வரைந்திருந்தது.
அவர்கள் யார் வீட்டுக்கும் நான் போனதில்லை.
கல்யாணத்துக்குக்கூட
மூன்று பேருக்கு மணியார்டர்தான்.

"இது உனக்கு, தெரசா குடுத்தா."
காகிதத்தைப் பிரித்தால் பூட்டு.
அவள் டிரங்குப் பெட்டியை உடைத்து
ஊறுகாய் தின்றது யாரென்று
இத்தனை நாள் தெரியாதென்றே நினைத்திருந்தேன்.
சாவி ஒன்றுதான் இருந்தது.
இன்னொன்று அவளிடமாம், வந்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

கார் மூன்று அடி நகர்ந்தது. நின்றது.
முள் எடுத்து ஊட்டிக்கொண்டே பேசினோம்,
யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மாற்றல்,
யார் வீட்டில் யார் பேசுவதில்லை.
சுதாகர் ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் வஞ்சிரம்.
திட்டுவதை எப்போது நிறுத்தினார் என்று கவனிக்கவில்லை.

பெரியவள் தேஜுவிடம் ஒரு நோட்டு.
போன வீட்டு பாத்ரூமுக்கெல்லாம் மார்க்.
நஸீமா ஆன்ட்டி ஆறு. கனி ஆன்ட்டி ஒன்பது,
ஷவர் இருக்கிறதாம்.
ஐந்தாவது வரியில் என் பெயர். எதிரே காலி.
"வாளி புதுசு" என்றேன்.
யோசித்தாள். "பாக்காம போட முடியாது ஆன்ட்டி."

நாலே முக்காலுக்கு முன்னால் இருந்தது உறுமியது.
பின்னாலிருந்து பத்து ஹாரன்.
இருட்டுவதற்குள் தடா தாண்டிவிட வேண்டுமென்றார்.
கட்டிக்கொள்ளக்கூட இல்லை,
தூக்கு ஒன்று அவளோடு போய்விட்டது.

வீட்டுக்கு வந்து நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்தேன்.
"வந்தாங்களா?" என்றாள் ஸ்டெல்லா.
"வந்தாங்க."
உள்ளே போய்
நீல வாளித் தண்ணீரில் காலைக் கழுவினேன்.
காற்று அப்போதுதான் திரும்பியிருந்தது.